அழுத்தப்படாத இரண்டு தகடுகள்

அந்தச் சனிக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு நான் என் கணவர் வேலையில் கையுறைக்குள் வைத்துக்கொள்ளும் சூட்டுப்பைகளை வேகவைத்துக்கொண்டிருந்தேன். தினமும் செய்கிற வேலைதான். அகலப் பாத்திரத்தின் அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டு, தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் இரண்டு பைகளையும் உள்ளே விட வேண்டும். துண்டு இல்லாவிட்டால் பாத்திரத்தின் அடிச்சூடு பட்டுப் பை ஓட்டையாகிவிடும். முந்தின நாள் வேலையில் கல்லாகிப்போன வெள்ளை உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கால்மணி நேரத்தில் பை தண்ணீர் மாதிரித் தெளிந்துவிடும்.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்து எட்டிப் பார்த்தார்.

"தெளிஞ்சிடுச்சே. எடு."

"ஓரத்துல வெள்ளையா ஒரு நூல் தெரியுது பாருங்க. அதுவும் கரையணும்."

"ஒரு நூலுக்காக ஒரு பஸ்ஸை விடணுமா?"

"அந்த ஒரு நூல் போதும், ஆறும்போதே மறுபடி மொத்தமும் கல்லாயிடும். அப்புறம் அங்க போய் எத்தனை தடவை தகட்டை அழுத்தினாலும் சூடு வராது. போன மாசம் விரல் மரத்துப்போய் வந்தீங்களே, மறந்துடுச்சா?"

அவர் நூல் கரைகிறவரை நின்றார். நான் பைகளை எடுத்து ஆறவைத்து, துடைத்து, நானே தைத்த உறைகளில் போட்டேன். பழைய போர்வையை வெட்டித் தைத்தவை. ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை.

"இன்னைக்கு அரை நாள்தானே? சீக்கிரம் வந்துடுவீங்கல்ல?" என்று கேட்டேன்.

"சரக்கு சரிபார்க்கச் சொன்னா கொஞ்சம் தாமதமாகும்."

"எப்பக் கேட்டாலும் இதே பதில். வீடுன்னு ஒண்ணு இருக்கிறது ஞாபகம் இருக்கா?"

"சரி, ஒரு நாள் வராமலே போயிடறேன். நிம்மதியா இரு," என்றார், ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே. வாரத்துக்கு இரண்டு முறையாவது எங்கள் வீட்டில் அடிபடுகிற வசனம் அது. நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அவர் வேலை பார்த்தது உறைந்த காய்கறிகளை வைக்கும் குளிர்க்கிடங்கில். மூன்று அறைகள், மூன்றிலும் மைனஸ் பதினெட்டு டிகிரி. அவர் சாயங்காலமும் வரவில்லை என்றதும் கிடங்குக்குப் போனேன். கேட்டில் பூட்டுத் தொங்கியது. கம்பிக்கு இந்தப் பக்கம் அரை மணி நேரம் நின்று கூப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அப்போது எனக்கும் அவருக்கும் நடுவில் நாற்பது அடி தூரம்தான் இருந்திருக்கும் என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு காலை காவல் நிலையத்தில், "வீட்டுல ஏதாச்சும் சண்டையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று கேட்டார்கள். சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். "கோபம் ஆறினா வந்துடுவார்ம்மா," என்று அனுப்பிவைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை மேஸ்திரி மூன்றாம் அறையைத் திறந்தபோது, அவர் உள்ளே இருந்தார்.

அறிக்கை மூன்று காரணங்களைச் சொன்னது. கதவைத் திறக்க உள்பக்கம் ஒரு குமிழ் இருக்கிறது. போலீஸ் சோதித்துப் பார்த்தபோது அது வேலை செய்தது. இறந்தவரின் சட்டைப் பையில் இரண்டு சூட்டுப்பைகள் இருந்தன. இரண்டும் தெளிந்த நிலையில், தகடு அழுத்தப்படாமல் இருந்தன. பிழைக்க நினைத்த மனிதன் அதை அழுத்தியிருப்பான். மூன்றாவது, மனைவியின் வாக்குமூலம். ஆகவே, இறந்தவர் தம் விருப்பப்படியே உள்ளே இருந்துவிட்டார்.

பள்ளியில் யாரோ எங்கள் மகளிடம் அதைச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு ஒன்பது வயது. "அப்பாவுக்கு நம்மகூட இருக்கப் பிடிக்கலையாம்மா?" என்று கேட்டாள். நான் துப்பறிகிறவரைத் தேடிப் போனது அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

அந்த அம்மாள் முப்பது வருடம் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் தீ விபத்துகளை ஆராய்ந்தவர். இப்போது ஒரு மாடி அறையில் சொந்தமாகத் துப்பறிகிறார். உதவிக்கு அவருடைய தங்கை மகன் இருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். வாய் ஓயாது என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அவன் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டான். இரண்டு நாளில் நானும் அவரை அப்படியே கூப்பிடத் தொடங்கினேன்.

போலீஸ் திருப்பித் தந்த பைகளை மேஜைமேல் வைத்தேன். உறைகளைக் காணோம். வெறும் பைகள்தான், உள்ளே கண்ணாடி மாதிரித் திரவம், அதில் மிதக்கும் காசளவு உலோகத் தகடு.

"இது எப்படிக்கா வேலை செய்யுது? கரண்ட்டும் இல்ல, நெருப்பும் இல்ல," என்றான் ரேடியோ.

"உள்ள இருக்கிறது ஒரு உப்பு. கொதிக்கிற தண்ணியில போட்டா கரைஞ்சு, சூட்டை உள்ளுக்குள்ள வாங்கி வெச்சுக்கும். ஆறின பிறகும் கட்டியாகாம திரவமாவே இருக்கும். தகட்டை ஒரு தடவை அழுத்தினா போதும், உடனே உறைய ஆரம்பிச்சு, வாங்கின சூட்டையெல்லாம் திருப்பித் தந்துடும். ஒரு மணி நேரம்வரைக்கும் வெதுவெதுன்னு இருக்கும். திரும்பவும் வேகவெச்சா திரும்பவும் தயார். கையுறைக்குள்ள வெச்சுப்பார். எனக்குக் கழுத்து வலிச்சா இதுதான். பக்கத்து வீட்டுல குழந்தை பிறந்தப்போ பால் புட்டி ஆறாம இருக்கக்கூட வாங்கிட்டுப் போனாங்க."

"அப்ப கடன் வாங்கினா ஒழுங்கா திருப்பித் தர ஒரே சாமான் இதுதான்னு சொல்லுங்க."

பெரியம்மா ஒரு பையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தையலை நகத்தால் சுரண்டினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"வீட்டுல இதை எதுல வேகவைப்பீங்க?"

"தனிப் பாத்திரம். பச்சைத் தண்ணி."

"கிடங்குல எப்பவாவது வேகவைப்பாரா?"

"மாட்டார். அங்க எல்லாருடையதும் ஒண்ணாப் போட்டு எடுப்பாங்க, நம்மது கலந்துடும்னு வீட்டுக்கே கொண்டுவந்துடுவார்."

"ம்," என்றார். பைகளை என்னிடமே திருப்பித் தந்தார். "பத்திரமா வெச்சிருங்க. அழுத்திடாதீங்க."

அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். பத்தொன்பது நாளாக நான் அவற்றைத் தலையணைக்கு அருகில் வைத்துப் படுத்தேன். அந்தச் சனிக்கிழமை என் அடுப்பிலிருந்து ஏறிய சூடு இன்னும் அந்தப் பைகளுக்குள் அப்படியே இருந்தது. அவர் எடுத்துக்கொள்ளாமல் போன சூடு. ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று தினமும் அவற்றிடம் கேட்டேன்.

கிடங்குக்கு நாங்கள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மேஸ்திரி மட்டும் கேட்டில் காத்திருந்தார். ஐம்பது வயது மனிதர். என் முகத்தைப் பார்க்காமலே சாவியை நீட்டினார்.

"அந்த அறையை அன்னைக்குச் சாயங்காலம் பூட்டினதோட சரிங்க. மெஷின் மட்டும் ஓடிட்டிருக்கு. பார்த்து முடிச்சதும் பூட்டி, சாவியைக் கேட்டுப் பெட்டியில போட்டுடுங்க. நாளைக்குக் காலையில எடுத்துக்கறேன். நான் சாப்பிடப் போகணும்."

அவர் ஏதோ சொல்ல வந்தவர்போல இரண்டடி போய் நின்றார். பிறகு போய்விட்டார்.

நடைபாதையில் மாட்டியிருந்த பருத்த கோட்டுகளைப் போட்டுக்கொண்டு மூன்றாம் அறையைத் திறந்தோம். கதவு ஒரு முழத் தடிமன். கையை விட்டால் தானாகவே மூடிக்கொள்ளும். குளிர் வீணாகக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். ரேடியோ ஒரு பட்டாணிப் பெட்டியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான். பெரியம்மா டார்ச்சோடு உள்ளே நடந்தார். தட்டடுக்குகள், பெட்டிகள், தரையெல்லாம் வெண்பனி. நான் கதவோரம் இருந்த ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போலீஸ் புகைப்படத்தில் பார்த்த இடம்.

பின்னால் ஏதோ உரசியது. பனித்தரையில் பெட்டி வழுக்கிக்கொண்டு போவதைத் திரும்பிப் பார்த்தேன். ரேடியோ பாய்ந்தான். அவன் கை படுவதற்குள் கதவு மூடிவிட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அலமாரி மூடுகிற சத்தம்தான்.

"குமிழைத் தள்ளு," என்றார் பெரியம்மா.

ரேடியோ தள்ளினான். தோளைக் கொடுத்துத் தள்ளினான். காலால் உதைத்தான்.

"பெரியம்மா, இது குமிழ் இல்ல. சுவத்துல வரைஞ்ச படம்."

நான் போனை எடுத்தேன். இரும்புத் தகடுகளுக்கு நடுவில் ஒரு கோடுகூட இல்லை. அபாய மணியின் பொத்தான் ஒன்று இருந்தது. ரேடியோ அதை அழுத்தினான். தூரத்தில், சுவர்களுக்கு அப்பால், ஆளில்லாத ஆபீஸ் அறையில் அது அடிப்பது கொசு ரீங்காரம்போலக் கேட்டது. நாளைக் காலை ஐந்தரை மணிக்குத்தான் அதைக் கேட்க ஆள் வரும்.

"மேஸ்திரி திரும்பி வருவாரா?" என்று கேட்டேன்.

"சாவியைப் பெட்டியில போடச் சொல்லிட்டுப் போனவர் எதுக்குத் திரும்பி வரப்போறார்?" என்றார் பெரியம்மா. குரலில் மாற்றமே இல்லை. "ரேடியோ, குதிச்சுக்கிட்டே இரு. நிக்காதே. நீங்களும்தான்."

"பட்டாணிக்கு இருக்கிற பாதுகாப்பு மனுசனுக்கு இல்ல," என்றான் ரேடியோ, குதித்தபடியே. "சின்ன வயசுல ஐஸ் வாங்கித் தரேன்னு சொல்லி ஏமாத்தினீங்க. அந்தப் பாக்கியை இப்பவா தீர்க்கணும்?"

பெரியம்மா குமிழுக்கு முன்னால் மண்டியிட்டுவிட்டார். பச்சை பிளாஸ்டிக் குமிழ். அதிலிருந்து விரல் தடிமனில் ஒரு கம்பி, கதவுக்குள் போகும் ஒரு குழாய் வழியாகச் சென்று வெளித் தாழ்ப்பாளைத் தூக்க வேண்டும். குழாயின் வாயில் பனி அடைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு, எரியாமல்.

"இந்த விளக்கு எதுக்கு தெரியுமா? கம்பி உறையாம இருக்க உள்ள ஒரு சூட்டு ஒயர் ஓடும். அது வேலை செஞ்சா விளக்கு எரியும். ஒயர் செத்து எத்தனை மாசம் ஆச்சோ."

"ஆனா போலீஸ் தள்ளினப்போ வேலை செஞ்சுதே," என்றேன். பற்கள் அடித்துக்கொண்டதில் வார்த்தைகள் உடைந்தன.

"எப்பத் தள்ளினாங்க? திங்கட்கிழமை மதியம். காலையிலேருந்து கதவு திறந்தே கிடந்திருக்கும், ஆள் போறதும் வர்றதுமா. ஐஸ் இளகிடுச்சு. மூடின கதவுக்குத்தாம்மா இந்தக் குமிழ். அதைத் திறந்த கதவுல சோதிச்சுப் பார்த்திருக்காங்க."

அறிக்கையின் முதல் காரணம் அங்கே விழுந்தது. விழுந்ததைக் கொண்டாட முடியாத இடத்தில் நாங்கள் இருந்தோம். கால்விரல்கள் இருப்பது தெரியவில்லை. ரேடியோ குதிப்பதை நிறுத்தி, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றான். அவன் பேசாமல் நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். நாலு மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன்.

பெரியம்மா எழுந்து என்னிடம் வந்தார்.

"அந்தப் பைகள் இருக்கா?"

இருந்தன. ரவிக்கைக்குள், உடம்போடு. நான் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார்.

"வேற வழி இல்லம்மா."

"இதுல இருக்கிறது நான் அன்னைக்கு ஏத்தின சூடு. அவருக்குன்னு ஏத்தினது. இது போயிட்டா..."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்தார். அதுவரை என்னை நீங்கள் என்றே பேசியவர்.

"அழுத்து. இது உன் அடுப்புச் சூடு இல்ல. எப்படித் தெரியும்னு வெளிய போய்ச் சொல்றேன். என்னை நம்பு. உன் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா."

புரியவில்லை. ஆனால் கடைசி வார்த்தை புரிந்தது. முதல் பையின் தகட்டை வளைத்தேன். டக் என்றது. தகட்டைச் சுற்றி வெள்ளை ஊசிகள் கிளம்பி நாலாபக்கமும் ஓடின. பத்து எண்ணுவதற்குள் பை முழுவதும் வெளுத்துக் கையில் சுட்டது. ரேடியோவின் கை தன்னையறியாமல் அதை நோக்கி நீண்டது.

"கைக்கு இல்லடா. கதவுக்கு," என்றார் பெரியம்மா. "இதை நம்ம மூணு பேரும் பங்கு போட்டா அரை மணி நேரம் சுகமா இருப்போம். அப்புறம் பட்டாணியோட பட்டாணி. ரெண்டையும் ஒரே நேரத்துல குழாய்மேல வைக்கணும். இன்னொண்ணையும் அழுத்தும்மா."

இரண்டாவதையும் அழுத்தினேன். முழுவதும் கல்லாகும் முன்பே குழாயைச் சுற்றி வளைத்து வைத்தோம். மேலே ஒன்று, கீழே ஒன்று.

"மேல ஏதாவது போர்த்தணும். இல்லன்னா சூடு அறைக்குப் போயிடும்," என்றேன்.

ரேடியோ தன் கோட்டைக் கழற்றினான்.

"வேணாம்பா."

"பரவாயில்லக்கா. எனக்கு உள்ளுக்குள்ள கொழுப்பு ஜாஸ்தின்னு பெரியம்மாவே நூறு தடவை சொல்லியிருக்காங்க." கோட்டை மடித்துப் பைகளின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டான். நாங்கள் இருவரும் அவனை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு நின்றோம்.

ஐந்து நிமிடத்தில் குழாயிலிருந்து நீர் சொட்டியது. பெரியம்மா கோட்டின் ஓரத்தைத் தூக்கி டார்ச் அடித்தார். குழாயின் வாயில் பனி கரைந்த இடத்தில் எதுவோ பிசிறாக ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

மஞ்சள் பஞ்சு. அதோடு பின்னிக்கொண்டு பச்சை நூல் ஒன்று.

"இது என்னன்னு தெரியுதா?"

தெரிந்தது. அந்தப் போர்வையை வெட்டும்போது வீடெல்லாம் பறந்த பிசிறு. நான் தைத்த இரண்டு உறைகள். அவர் இங்கே மண்டியிட்டிருக்கிறார். இதே குழாயில், இதே இடத்தில் வைத்து அழுத்தியிருக்கிறார்.

"ஆனா பை ரெண்டும் அழுத்தாம இருந்துச்சே," என்றான் ரேடியோ மெதுவாக.

"பேசாதே. தள்ளு," என்றார் பெரியம்மா.

தள்ளினோம். குமிழ் ஒரு நூல் அளவு அசைந்து நின்றது. ரேடியோ மறுபடி தோளைக் கொடுக்கப் போனான்.

"இருப்பா," என்று தடுத்தேன். "உள்ள ஒரு துளி ஐஸ் மிச்சம் இருந்தாலும் திரும்பப் பிடிச்சுக்கும். முழுசும் கரையட்டும்."

வேறு எதிலும் எனக்குத் தைரியம் இருந்ததில்லை. கரைகிறவரை காத்திருக்க மட்டும் தெரியும். குளிர் முதுகெலும்பில் ஆணி அடித்துக்கொண்டிருந்தது. பெரியம்மாவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. ரேடியோ கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான். கேட்டபோது, தான் இதுவரை சாப்பிட்ட சூடான பண்டங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொன்னான். எத்தனை நிமிடம் என்று தெரியாது. சொட்டுவது ஒழுகலாகி, பிறகு ஒழுகலும் நின்றது.

"இப்ப," என்றேன்.

மூன்று பேரும் ஒரே மூச்சில் சாய்ந்தோம். கம்பி உள்ளே போனது. கதவு திறந்து, நடைபாதையின் வெப்பத்துக்குள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தோம்.

நடைபாதையின் மறுமுனையிலிருந்து ஒருவர் ஓடிவந்துகொண்டிருந்தார். மேஸ்திரி. எங்களைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சாப்பாடு இறங்கலைங்க. அந்தக் குமிழைப் பத்திச் சொல்லாம போயிட்டேன்னு... பாதிச் சாப்பாட்டுல எழுந்து வந்துட்டேன்."

"அது வேலை செய்யாதுன்னு உங்களுக்குத் தெரியும்," என்றார் பெரியம்மா. தரையில் கால் நீட்டி உட்கார்ந்தபடியே விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"மூணு தடவை மேனேஜர்கிட்டச் சொன்னேன். ஒயர் வரும் வரும்னாரு."

"அது போகட்டும். இப்ப ஒரே ஒரு கேள்வி. இங்க டீ எதுல போடுவீங்க?"

மேஸ்திரியின் முகம் மாறியது. ரேடியோ தலையைத் திருப்பி, "பெரியம்மா, எனக்கும் டீ வேணும்தான். ஆனா..." என்று ஆரம்பித்து, அவர் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

"பேண்ட்ரியில பெரிய கெட்டில் இருக்குங்க."

"சூட்டுப்பையையும் அதுலயே வேகவைப்பீங்க."

"ஆமாங்க. முதல்ல பை, அப்புறம் தண்ணி மாத்தி டீ."

"எவ்வளவு கழுவினாலும் கெட்டில்ல டீக்கறை போகாது. இந்தம்மா கொண்டுவந்த ரெண்டு பையோட தையல்லயும் அந்தக் கறை இருந்துச்சு, வாசனையும் இருந்துச்சு. இவங்க வேகவெச்சது வீட்டுல, பச்சைத் தண்ணியில. சனிக்கிழமை அரை நாள், டீ உண்டா?"

"இல்லைங்க. அன்னைக்கு அடுப்பே பத்தவைக்க மாட்டோம்."

"அப்ப இந்தப் பைகள் உங்க கெட்டிலுக்குள்ள போனது திங்கட்கிழமை. அவர் செத்த பிறகு. யார் போட்டது?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். யாரோ திட்டம் போட்டுச் செய்திருக்கிறார்கள், பழியை அவர்மேல் போட யாரோ தடயத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஆளின் பெயர் வரப்போகிறது என்று மேஸ்திரியின் வாயையே பார்த்தேன்.

"நான்தாம்மா," என்றார், முதல்முறையாக என்னைப் பார்த்து. "வேணும்னு செய்யல. கெட்டிலை அடுப்புல வெச்சிட்டுத்தான் தினமும் அறைகளைத் திறப்பேன். திறந்தா அவர் கதவுகிட்ட உட்கார்ந்திருந்தாரு. பச்சைப் பை குழாயோட ஒட்டி உறைஞ்சிருந்துச்சு. மஞ்சளை அதுக்குமேல கையால அழுத்திப் பிடிச்சபடியே இருந்தாரு. ரெண்டும் கல்லு மாதிரி வெள்ளை. அவர் கையை எடுத்துவிட்டு, பைகளைப் பிச்சு எடுத்துட்டு, போன் பண்ண பேண்ட்ரிக்கு ஓடினேன். கெட்டில் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. பேசிக்கிட்டே பைகளை அதுல போட்டிருக்கேன்."

"எதுக்கு?" என்றான் ரேடியோ.

"எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது தம்பி. பதினாலு வருசமா காலையில முதல் வேலை அதுதான். யாருடைய பையா இருந்தாலும் சரி, வெள்ளையாக் கண்டா வெந்நீர்ல போடணும். அடுத்த ஷிஃப்ட்டுக்கு வேணும். இங்க எல்லாருக்கும் அதுதான் பழக்கம். போனை வெச்சிட்டுப் பார்க்கிறேன், ரெண்டும் தெளிஞ்சு மிதக்குது. அவரோட சாமானை எடுத்துட்டேன்னு பழி வருமோன்னு பயம். குழாய்த் தண்ணியில ஆறவெச்சு, துடைச்சு, போலீஸ் வர்றதுக்குள்ள அவர் சட்டைப் பையில வெச்சுட்டேன். அதை வெச்சே அப்படி எழுதுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எழுதின பிறகு வாயைத் திறக்கப் பயம். மேனேஜர் வேற, முடிஞ்சதைக் கிளறாதேன்னாரு."

அவர் எழுந்து, பேண்ட்ரிக்குப் போய், ஒரு தாள் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே இரண்டு உறைகள். கிழிந்திருந்தன. துவைத்துக் காயவைத்து மடித்திருந்தார்.

"தூக்கிப் போட மனசு வரலம்மா."

பெரியம்மா என் தோளில் கை வைத்தார். "அவர் ஒண்ணை அழுத்தி அதுல முடியாமதான் அடுத்ததை எடுத்திருக்கணும். போர்த்தி மூட இன்னொரு கோட்டு இல்ல, சேர்ந்து தள்ள ஆள் இல்ல. செய்ய வேண்டியதைத்தாம்மா செஞ்சிருக்கார். உன் சூட்டை அவர் மிச்சம் வைக்கல."

பத்தொன்பது நாளாக என் தலைமாட்டில் இருந்தது வெறும் கெட்டில் சூடு. நான் ஏற்றிய சூட்டை, கடைசித் துளிவரை, வீட்டுக்கு வருவதற்காக அவர் செலவழித்திருந்தார். மேஸ்திரியைத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவரும் அழுதார். ரேடியோ சத்தமில்லாமல் எழுந்துபோய் நாலு கோப்பை டீயோடு வந்தான். கெட்டிலை மூன்று முறை தேய்த்துக் கழுவியதாக உறுதியளித்தான்.

நாலேகாலுக்கு வீட்டுக்குப் போனேன். மகளிடம் அன்றே சொன்னேன், எதையும் மறைக்காமல், குழாய், பைகள், குமிழ் எல்லாவற்றையும். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு உறைகளை வாங்கி ஊசி நூல் கேட்டாள்.

மேஸ்திரி எழுத்தில் கொடுத்தார். பெரியம்மா அதோடு, குழாயையும் பிசிறையும் தாம் எடுத்த படங்களையும் சேர்த்துக் கொடுத்தார். மேனேஜர்மேல் வழக்குப் பதிவானது. மூன்று அறைகளிலும் குமிழ் விளக்குகள் இப்போது எரிகின்றன. அறிக்கையைத் திருத்தி எனக்கு ஒரு பிரதி அனுப்பினார்கள். காரணம் என்ற இடத்தில் பழைய வரியை அடித்துவிட்டு, விபத்து என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே இறந்த நேரம் என்று ஒரு கட்டம். நான் கேட்டில் நின்று கூப்பிட்டதற்கு முன்பா, பின்பா என்று அதைத்தான் முதலில் தேடினேன். அதில் முன்பு இருந்தபடியே, 'தெரியவில்லை' என்றுதான் இருக்கிறது.